தொட்டிச் செடி ஏன் அழுகுகிறது? கோலாலம்பூர் வீடுகளுக்கு ஒரு வழிமுறை

சுங்கை பூலோ நர்சரியில் பளபளவென்று நின்ற மணி பிளாண்ட், கொண்டோ வரவேற்பறைக்கு வந்து ஒன்றரை மாதத்தில் மஞ்சளடிக்கத் தொடங்கும். தாகமாக இருக்கும் என்று வீட்டில் இன்னொரு குவளை ஊற்றுவார்கள். அத்தோடு செடி போய்விடும். இந்த ஊரில் வீட்டுச் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். நர்சரியில் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து ஓரிரு நாளில் உலர்த்திவிடும் அதே மண், வீட்டுக்குள் ஒரு வாரமானாலும் ஈரமாகவே கிடக்கும்.

இணையக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியவை. குளிர்காலத்தில் உரத்தை நிறுத்து, இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இரு, தெற்குச் சன்னலோரம் வை என்பார்கள். இங்கே குளிர்காலமே கிடையாது. காற்றின் ஈரம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. தெற்குச் சன்னல் கதையும் வேறு.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அது வடக்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பால்கனி விளிம்பில் வெயில் படும். மற்ற மாதங்களில் தெற்குப் பால்கனிக்கு. ஜனவரியில் நன்றாக இருந்த செடி ஜூனில் கருகினால் இதையும் யோசியுங்கள். கிழக்குப் பால்கனிதான் யோகம்: காலை வெயில் இதமானது. மேற்குப் பக்கம் பிற்பகல் மூன்று மணிக்கு அடிக்கும் வெயில் அக்லோனிமா இலையை வெளுக்கவைத்துப் பொசுக்கிவிடும். அங்கே செடியைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நண்பகலில் செடி இருக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல் என்றால் கற்றாழைக்கும் போதும். விளிம்பு மங்கிய நிழல் என்றால் மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பீஸ் லில்லிக்குச் சரி. நிழலே விழவில்லை என்றால் பாம்புச் செடியும் ஸீஸீ பிளாண்டும்கூட உயிரோடு இருக்குமே தவிர வளராது. துளசியையும் கறிவேப்பிலையையும் வரவேற்பறையில் வைத்துவிட்டு வரம் கேட்காதீர்கள். இரண்டுக்கும் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும்.

அடுத்தது மண். பிழை பெரும்பாலும் இங்கேதான். பையில் விற்கும் கறுப்பு மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் இரண்டு மாதத்தில் களிபோல இறுகிவிடும். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை தலைகீழ். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். ஈரம் பிடிக்கும் எந்தப் பொருளும் தன் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கியே வைத்திருக்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான். அடியில் கல் போட்டால் அந்தச் சதுப்பு இன்னும் மேலே ஏறி வேரைத் தொடும். ஓட்டைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும். தட்டையான அகலத் தொட்டியைவிட உயரமானது நல்லது என்பதற்கும் இதுவே காரணம்.

மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, அக்லோனிமா ஆகியவற்றுக்கு ஒரே கலவை போதும்: தென்னை நார்த்தூள் 2 பங்கு, எரித்த உமி 1 பங்கு, பெர்லைட் (நுரைபோல் இலேசான வெள்ளைக் கல்துகள்) அல்லது கொண்டைக்கடலை அளவு கரித்துண்டு 1 பங்கு, மக்கிய கம்போஸ்ட் 1 பங்கு. எரித்த உமியை நர்சரியில் ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நார்த்தூள் கட்டி 650 கிராம் என்றால் 4 லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். சுமார் 8 லிட்டராக உப்பும். அதை இரண்டு முறை அலசிப் பிழியாமல் பயன்படுத்தாதீர்கள், உப்பு இருக்கும். பாம்புச் செடிக்கும் கற்றாழைக்கும் நார்த்தூள், எரித்த உமி, கரடுமுரடான ஆற்று மணல் மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம். கடற்கரை மணல் ஆகாது. புதுத் தொட்டி பழையதைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். வேர் போகாத மண்ணில் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லாமல் அது புளித்துப்போகும்.

தண்ணீருக்குக் கிழமை பார்க்காதீர்கள். சாத்தே குச்சி ஒன்றைத் தொட்டியில் முக்கால் ஆழம் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கேக் வெந்ததா என்று பார்ப்பதுபோலத்தான். குச்சியில் மண் ஒட்டி, நிறம் கறுத்து வந்தால் விட்டுவிடுங்கள். மேல்பாதி சுத்தமாகவும் அடிப்பாதி லேசான ஈரமாகவும் வந்தால் மணி பிளாண்ட் வகைகளுக்கு ஊற்றலாம். பாம்புச் செடிக்கும் ஸீஸீக்கும் முழுக் குச்சியும் உலர்ந்து வரவேண்டும்; வீட்டுக்குள் அதற்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஊற்றும்போது தயங்காமல் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஆறு அங்குலத் தொட்டிக்குச் சுமார் அரை லிட்டர் பிடிக்கும். கால் மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினமும் இரண்டு கரண்டி தெளிப்பதுதான் கெடுதல்: மேலே சகதி, அடியில் பொடி.

அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெளியே தரையில் நிற்கும் செடிக்குப் பரவாயில்லை. வீட்டுக்குள் தொட்டிக்கு ஊற்றினால் மாவு புளித்து நாற்றமடிக்கும், மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்பும். தேயிலைச் சக்கையும் அப்படியே.

மஞ்சள் இலையைப் பார்த்ததும் பதறவேண்டாம். அடியிலிருக்கும் ஓர் இலை மட்டும் பழுத்தால் அது வயது. நாலைந்து இலை ஒன்றாக மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் போகிறது என்று அர்த்தம். ஈர மண்ணிலேயே செடி துவண்டு நின்றாலும் அதே நோய்தான். வேர் அழுகியதால் பக்கத்தில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியவில்லை. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு கொடி மெலிந்தால் வெளிச்சம் போதவில்லை. சிலந்திச் செடி, டிரசீனா இலை நுனிகள் பழுப்பானால் உரத்தின் உப்பு சேர்ந்திருக்கலாம், அல்லது குழாய்த் தண்ணீரில் சேர்க்கும் ஃபுளோரைடு. ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், இங்கே அதற்கென்ன பஞ்சம்.

வேர் அழுகலுக்கு ஒரே வைத்தியம் அறுவைதான். செடியைத் தொட்டியோடு கவிழ்த்து உருவி, வேர்களைக் குழாயடியில் கழுவுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகியதை இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, நூல் போன்ற நடுநரம்பு மட்டும் கையில் நிற்கும். சாக்கடை வாடையும் வரும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் அதையெல்லாம் நல்ல பாகம் வரை வெட்டுங்கள். மிச்ச வேருக்குப் பொருத்தமான சிறிய தொட்டியில் புதுக் கலவையில் நட்டு, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம். வேரே மிஞ்சாத மணி பிளாண்டா? கணுவோடு சேர்த்து நாலைந்து அங்குலத் துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் போடுங்கள். கணு இல்லாத வெறும் இலை எத்தனை மாதம் கிடந்தாலும் புதுக் கொடி தராது.

உரம் ஆண்டு முழுவதும் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் உருண்டை உரம் ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. திரவ உரம் என்றால் புட்டியில் சொன்னதில் பாதி அளவு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மண்மேல் வெள்ளைப் படலம் கண்டால் நிறுத்திவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள்.

இலைக்கக்கத்தில் பஞ்சுபோல் வெள்ளையாகத் தெரிவது மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திர சோப்பும் குலுக்கி, மாலையில் இலைகளின் அடிப்பக்கம் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். ஒரே தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும். ஏர்கோன் அறையில் இலை மங்கி, அடியில் நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. வறண்ட காற்று அதற்குப் பிடிக்கும். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலைகளைக் கழுவிவிடுங்கள். புகைமூட்டக் காலத்திலும் இப்படிக் கழுவுவது நல்லது.

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தட்டில் நிற்கும் தண்ணீரே போதும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள்தான். மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு. தட்டைக் கொட்டுவதோடு விடாமல் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள், ஏடிஸ் முட்டை காய்ந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். புட்டியில் வளரும் மணி பிளாண்டுக்கும் ஐந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றவேண்டும். குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அக்லோனிமாவை உயரத்தில் வையுங்கள். மென்றால் வாயும் தொண்டையும் எரியும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தொட்டிகளை வாளித் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். புறப்படும் அன்று காலையில் வழிய ஊற்றி, வடியவிட்டு, சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். பத்து நாள் தாங்கும். பீஸ் லில்லி மட்டும் துவண்டு படுத்திருக்கலாம். தண்ணீர் கண்ட சில மணி நேரத்தில் எழுந்துகொள்ளும்.