சூப்பர்நோவாவ வச்சு கேலக்ஸி தூரம் கண்டுபிடிக்கிறது எப்பிடி?

கொழும்பில இருந்து இன்ப்ராரெட்ல (அகச்சிவப்பு வெளிச்சத்தில) சூப்பர்நோவா, அதாவது வெடிக்கிற நட்சத்திரம், பாக்கலாமோ எண்டு கேக்கிறாக்களுக்கு முதலே சொல்லிர்றன், அது சரிவராது. காத்தில இருக்கிற ஈரம் அந்த வெளிச்சத்தில கனக்கத்த குடிச்சிரும், அதாலதான் ஹவாய், சிலி மலையளில டெலஸ்கோப் வச்சிருக்கினம். ஆனா கார்னகி சூப்பர்நோவா ப்ரொஜெக்ட் சிலியில எடுத்த டேட்டா சும்மா டவுன்லோட் பண்ணலாம், வெள்ளவத்தை ஃப்ளாட்டில இருந்தே கணக்கு போடலாம்.

முதல் வேலை, வெடிச்சது டைப் 1ஏ தானோ எண்டு பாருங்கோ. இந்த வகை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில வெடிக்கும், அதால எவ்வளவு மங்கலா தெரியுது எண்டத வச்சு தூரத்த கணக்கு போடலாம். ஸ்பெக்ட்ரத்தில (வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சு எடுத்தது) ஹைட்ரஜன் கோடு இருக்கக்கூடாது, 615 நானோமீட்டர் கிட்ட சிலிக்கன் பள்ளம் விழுந்திருக்கோணும். மற்ற டைப் எல்லாம் விடுங்கோ.

அடுத்தது எச் பேண்ட் டேட்டாவ எடுங்கோ, அது இன்ப்ராரெட்ல 1.6 மைக்ரோன் அலைநீளம் கிட்ட இருக்கிற பகுதி. ஏன் அது? பின்னேரம் கோல்ஃபேஸ்ல சூரியன் சிவக்கிறது, நீலம் வழியில சிதறி சிவப்பு தப்பி வாறதாலதானே, கேலக்ஸிக்குள்ள கிடக்கிற தூசும் கிட்டத்தட்ட அந்த வேலைதான் பாக்குது, இன்ப்ராரெட் இன்னும் நல்லா தப்பி வரும், எச் பேண்ட்ல மறைப்பு கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தில இருக்கிறதில அஞ்சில ஒரு பங்கு மாதிரித்தான். 2014 இல எம் 82 எண்ட கேலக்ஸியில வெடிச்சது தூசுக்குள்ள மாட்டுப்பட்டு, சாதாரண வெளிச்சத்தில திருத்தம் போடுறதே பெரிய தலையிடி. அதோட 1993 இல வானியலாளர் மார்க் பிலிப்ஸ் காட்டின மாதிரி, கெதியா மங்கிற சூப்பர்நோவா உண்மையிலயே வெளிச்சம் குறைஞ்சது, அதுக்கும் ஒரு திருத்தம் போடோணும். எச் பேண்ட்ல அந்த வித்தியாசம் நல்லா குறைவு.

இப்ப உச்சத்த, அதாவது வெளிச்சம் ஆகக்கூடின நேரத்த, பிடிக்கோணும், ஆக்கள் சறுக்கிறது இஞ்சதான். இன்ப்ராரெட் உச்சம் நீல வெளிச்சத்தின்ர உச்சத்துக்கு மூண்டு நாலு நாளைக்கு முதலே வந்து போயிரும், பிறகு சில கிழமையால இன்னொரு மேடு வரும், அத எடுத்திராதீங்கோ.

மிச்சம் ஓ.எல். மடக்கைக் கணக்கு. மக்னிடியூட் எண்டா வெளிச்சத்த அளக்கிற எண், சின்ன எண் எண்டா கூட வெளிச்சம். எச் பேண்ட் உச்சத்தில டைப் 1ஏ இன்ர உண்மை மக்னிடியூட் (10 பார்செக் தூரத்தில வச்சா தெரியிறது) ஏறக்குறைய -18.3 (செஃபீட் எண்ட, துடிக்கிற வேகத்த வச்சு தூரம் தெரியிற நட்சத்திரங்கள வச்சு பக்கத்து கேலக்ஸியளில அளந்து எடுத்தது). திருத்தம் எல்லாம் போட்ட பிறகு உச்சத்தில எங்களுக்குத் தெரியிற மக்னிடியூட் 16.7 எண்டு வையுங்கோ, அதில இருந்து -18.3 ஐ கழிச்சா 35, அஞ்ச கூட்டி அஞ்சால பிரிச்சா 8, பத்தின் எட்டாம் அடுக்கு பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு), அதாவது 100 மெகாபார்செக், 32 கோடி ஒளியாண்டுக்கு மேல. மக்னிடியூட்ல 0.1 பிழைச்சா தூரம் 5 வீதம் மாறும்.

16.7 க்குப் பதிலா 15.7 ஐ போட்டுப் பாருங்கோ, 63 மெகாபார்செக் கிட்ட வரோணும்.