பதவிக்குப் பேர் கொடுக்குமுன் உள்நோக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

திருமண்டலத் (பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) தேர்தல் அறிவிக்கப்பட்டதும், அதுவரை பாதி ஆராதனைக்கு வந்து சேர்ந்தவர்கள்கூட முதல் மணிக்கே ஆலயத்துக்கு வந்துவிடுவதைச் சபையார் பலமுறை கண்டிருக்கிறார்கள். சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டிக்கோ, திருமண்டலப் பெருமன்றத்துக்கோ, பள்ளித் தாளாளர் பொறுப்புக்கோ பேர் கொடுக்கிறவர்கள் அனைவரும் "ஊழியத்துக்காகத்தான் வருகிறேன்" என்றே சொல்வார்கள். அவர்களில் பலர் பொய் சொல்வதும் இல்லை. ஊழிய வாஞ்சையும் பேர் வாங்கும் ஆசையும் ஒரே மனத்தில் சேர்ந்தே குடியிருப்பதால், எது நம்மை நடத்துகிறது என்பது நமக்கே தெரியாமல் போய்விடுகிறது. அதைக் கண்டறியச் சில வழிகள் வேதத்திலும் திருச்சபை மரபிலும் உள்ளன. இங்கே சொல்லப்படுபவை சபைப் பதவியை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும் அலுவலகப் பதவி உயர்வுக்கும் பொருந்தும்.

உயர வேண்டும் என்ற எண்ணமே பாவம் என்று கருதித் தொடங்க வேண்டாம். கண்காணிப்பை, அதாவது சபையை மேற்பார்க்கும் பொறுப்பை, விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பெரியவனாக விரும்புகிறவனை இயேசு விரட்டிவிடவில்லை. அவன் மற்றவர்களுக்குப் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்று அந்த விருப்பத்துக்கு வேறு பாதை காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், பெரும் செயல்களை நாடும் மனவிரிவை நற்பண்பாகவும், முறைகெட்ட புகழ் வேட்கையைப் பாவமாகவும் தனித்தனியே பிரித்து விளக்கினார். "எனக்கு எந்த ஆசையும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே பதவிக்காகக் காத்திருப்பவரைவிட, ஆசை உண்டு என்று ஒப்புக்கொள்பவரைத் திருத்துவது எளிது.

முதல் வேலை, வேண்டியதை வேண்டியபடியே ஒரு தாளில் எழுதுவது. மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீஷர்களான யாக்கோபும் யோவானும் "நாங்கள் கேட்பதை நீர் செய்ய வேண்டும்" என்று பொதுவாகத்தான் தொடங்கினார்கள். இயேசுவோ, என்ன வேண்டும் என்று அவர்களையே சொல்லவைத்தார்; வலதுபக்கத்து இருக்கையும் இடதுபக்கத்து இருக்கையும் அப்போதுதான் வெளியே வந்தன. ஆகவே "சபைக்குச் சேவை" என்று எழுதி நிறுத்திக்கொள்ளாமல், ஆசிரியர் நியமனத்தில் செல்வாக்கு, காசோலையில் கையெழுத்து, மேடையில் நாற்காலி, திறப்பு விழாக் கல்வெட்டில் பேர் என உள்ளதையெல்லாம் எழுத வேண்டும். அந்தத் தாளை யாருக்கும் காட்டத் தேவையில்லை. மத்தேயுவின் பதிவில் இதே விண்ணப்பத்தை அவர்களுடைய தாயார் கொண்டுவருகிறார் என்பதையும் கவனிக்கலாம்: நம் ஆசை பல வேளைகளில் தகப்பனுடையதாகவோ, மனைவியுடையதாகவோ, "நம் குடும்பத்தில் ஒருவராவது வர வேண்டும்" என்னும் உறவினருடையதாகவோ இருக்கும். இதைக் கேட்டு மற்றப் பத்து சீஷர்கள் கொண்ட கோபத்தையும் தாழ்மை என்று எண்ணிவிட வேண்டாம். முந்திக் கேட்டுவிட்டார்களே என்ற எரிச்சலாக அது இருந்திருக்க இடமுண்டு.

அடுத்து, எழுதியவற்றின்மேல் அக்வினாஸ் வகுத்த மூன்று சோதனைகளை வைத்துப் பார்க்கலாம். நம்மிடம் இல்லாத தகுதிக்கு மதிப்பை எதிர்பார்க்கிறோமா? கிடைக்கும் மதிப்பைத் தேவனுக்குச் சேர்க்காமல் நமக்கே வைத்துக்கொள்கிறோமா? பிறருக்கு அதனால் பயன் உண்டா என்று பாராமல், மதிப்போடேயே நிறைவடைந்துவிடுகிறோமா? மூன்றாவதுதான் கடினம். கணக்கு எழுதத் தெரியாதவர் பொருளாளர் பதவியை நாடும்போது முதல் சோதனையிலேயே விடை கிடைத்துவிடும். திறமைசாலி தடுமாறுவது மூன்றாவதில்.

திறமைசாலிக்கு உதவக்கூடியது மறைவின் சோதனை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியாமல் தர்மம் செய்யும்படி இயேசு சொன்னதைச் சபை வாழ்வில் எளிதாகப் பரிசோதிக்கலாம். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையன்று பந்தி விசாரிக்கவும், ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யவும் ஆட்களுக்குக் குறைவில்லை. கடைசிப் பந்தி எழுந்தபின் அடிப்பிடித்த சோற்று வட்டகையைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கவும், எச்சில் இலைகளை அள்ளிக் குழியில் கொட்டவும் இருட்டும்வரை நிற்பவர் யார்? பேர் கொடுக்க நினைப்பவர், தேர்தலுக்கு முந்திய சில மாதங்களில் இப்படிப்பட்ட வேலை ஒன்றை ஏற்று, அதைப் படம் எடுக்காமல், வாட்ஸ்அப் குழுவில் போடாமல் செய்துபார்க்கட்டும். உற்சாகம் குன்றாமல் இருந்தால் நல்லது. யாராவது பார்த்தார்களா என்று மனம் அடிக்கடி திரும்பிப் பார்த்தால், அதையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

போட்டியாளரைப் பற்றி நாம் பேசும் விதம் இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் நகர வாசலில் நின்று, வழக்கோடு வந்தவர்களிடம் "உன் நியாயம் சரியானதே, ஆனால் விசாரிக்க ராஜாவிடத்தில் ஆள் இல்லை" என்று சொல்லி, வணங்க வந்தவர்களைப் பிடித்து முத்தமிட்டான். குறைகேட்பது போன்ற தோற்றத்தில் தகப்பன்மேல் அதிருப்தியை வளர்த்தான். யோவான்ஸ்நானனோ, எல்லாரும் இயேசுவிடம் போகிறார்கள் என்று தன் சீஷர்கள் புகார் சொன்னபோது, அவர் பெருகவும் தான் சிறுகவும் வேண்டும் என்றான். நாம் செய்ய நினைத்த காரியத்தை எதிரணிக்காரர் நம்மைவிட நன்றாகச் செய்துமுடித்தால் மகிழ்வோமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மகிழ்ச்சி வராவிட்டால், நமக்குக் காரியம் பெரிதல்ல, நாம்தான் பெரிது.

செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். யூதாவில் அதிபதியாக இருந்த 12 ஆண்டுகளும் நெகேமியா அதிபதிகளுக்குரிய படியை வாங்கவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளியும் ஜனங்களிடம் வாங்கியிருந்தார்கள். அவர் தம் பந்தியில் 150 பேருக்கு உணவளித்தார். இவ்வளவும் செய்தவர், தம்மை நினைத்தருளும்படி ஜெபிக்கவும் செய்தார்! நினைக்கப்பட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. அதை அவர் ஜனத்திடம் கேட்கவில்லை, தேவனிடம் கேட்டார். வாக்குக்காகப் பணமோ விருந்தோ கொடுத்து வருகிறவர், அந்தச் செலவைப் பிறகு எங்கிருந்து எடுப்பார் என்ற கேள்விக்கு முன்னமே விடை எழுத வேண்டும்.

தன்னைத் தானே சோதிப்பதில் சலுகை மிகுதி. ஆகையால் முடிவெடுக்குமுன் இரண்டு உதவிகளை நாடலாம். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் ஆலோசனை கேட்டால் என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்க்கும்படி கத்தோலிக்கப் புனிதர் இஞ்ஞாசியார் தம் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில் கூறுகிறார். அவர் தொடங்கிய இயேசு சபை என்னும் துறவற சபையில், இறுதி வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்த குருக்கள் பதவிகளை நாடுவதில்லை என்றும் உறுதிமொழி அளிக்கிறார்கள். அடுத்ததாக, நம்மிடம் எந்த நன்மையையும் எதிர்பாராத ஒருவரிடம், கூடுமானால் நம்மோடு வேலை செய்து மனம் நொந்த ஒருவரிடமே, "நான் இதற்கு வரலாமா?" என்று கேட்டு, மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்நோக்கம் முற்றிலும் தூய்மையாகத் தெரியாது. அதற்காகக் காத்திருந்தால் தகுதியுள்ளவர்கள் ஒதுங்கி, கூசாதவர்களே பதவியில் இருப்பார்கள். கலப்பு இருந்தாலும் பேர் கொடுக்கலாம், ஆனால் கலப்புக்குக் கட்டுப்பாடு வேண்டும். எத்தனை தவணை பதவியில் இருப்போம் என்பதை முதலிலேயே சபையாரிடம் சொல்லிவிட வேண்டும். நியமனங்களில் சொந்த வீட்டார் வந்தால் கூட்டத்தைவிட்டு எழுந்துபோக வேண்டும். கணக்கை யாரும் கேட்குமுன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்துப் பொறுப்பேற்கத்தக்க ஒருவரை முதல் ஆண்டிலேயே கூட வைத்துப் பழக்க வேண்டும். தோற்றுப்போனாலோ, அடுத்த ஞாயிறு வழக்கம்போல ஆலயத்துக்குச் சென்று, வென்றவருடைய பேரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும்.