வாட்ச் கேஸில் சாவித் துளை போடுவதற்கு முன்னால்

போன மாதம் ஒரு தம்பி டிபன் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, தானே வரைந்து கடைந்த வாட்ச் கேஸ் (மெஷினும் டயலும் உட்காரும் உலோகக் கூடு) ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "சாவி திருகினா கரகரங்குது அண்ணா, மெஷின் டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றார். மெஷின் மேல் தப்பே இல்லை. சாவியின், அதாவது வாட்சின் பக்கவாட்டில் திருகும் குமிழின், ஒரு ஓரம் கேஸை உரசிக்கொண்டும் மறு ஓரம் மயிரிழை தள்ளியும் நின்றதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. எட்டு வருடம் முன்னால் நான் செய்த அதே தப்பு.

அளக்காமல் வெட்டுவது, டிராயிங் இல்லாமல் தொடங்குவது எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, கேஸ் செய்கிறவர்கள் சறுக்கும் மற்ற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சாவித் துளையின் உயரம்

சாவியிலிருந்து மெஷினுக்குள் போகும் மெல்லிய தண்டுதான் ஸ்டெம். பலரும் வாங்கிப் போடும் சீக்கோவின் என்எச்35 மெஷினில் அதன் மரை 0.9 மி.மீ. தான். கேஸில் போடும் துளை அந்தத் தண்டுக்கு நேராக வரவேண்டும். மெஷின் தயாரிப்பாளர் தரும் படத்தில் ஸ்டெம்மின் உயரம் இருக்கும். பொதுவாக அது டயல் உட்காரும் தட்டிலிருந்து அளந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்து டிராயிங்கில் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் கேஸின் உள்படியில் (உள்ளே கண்ணாடிப் பக்கம் விடும் விளிம்பு) போய் உட்காருவது மெஷின் இல்லை, டயலின் விளிம்பு. டயல் பெரும்பாலும் 0.4 மி.மீ. தகடு. அதையும் கூட்டினால்தான் படியிலிருந்து துளைக்கு உள்ள தூரம் சரியாக வரும். மறந்தால் துளை 0.4 மி.மீ. கண்ணாடிப் பக்கம் ஏறிவிடும். 0.9 மி.மீ. தண்டுக்கு அது ஏறக்குறைய பாதி. தண்டு வில்லாக வளையும், திருகும்போது உரசும், என்றாவது நேரம் மாற்றும்போது முறிந்து கையோடு வரும்.

நான் பன்னிரண்டு கேஸுக்கும் துளை போட்டு முடித்த பிறகுதான் முதல் மெஷினை வைத்துப் பார்த்தேன். இரண்டு வார வேலை. துளையை ஊசி அரத்தால் கீழ்ப்பக்கம் ராவி, துளைக்குள் தண்டைச் சுற்றி வரும் சிறு குழாயைப் பசை வைத்து நிறுத்தினேன். தண்ணீர் சோதனையில் குழாயைச் சுற்றிக் குமிழி கிளம்பியது. ராவிய துளை வட்டமாக இருக்காது. பசை எத்தனை நாள் பிடிக்கும்? பதினொன்று பழைய இரும்புக்குப் போனது, ஒன்று என் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

எல்லா உயரத்தையும் அந்த உள்படியிலிருந்தே குறியுங்கள். பின்மூடிப் பக்கத்திலிருந்து அளந்தால், பிறகு அந்தப் பக்கத்தைத் தேய்க்கும்போது கணக்கு மாறும். ஒரே ஒரு கேஸில் துளை போட்டு, டயலோடு மெஷினை வைத்து, சாவியைத் திருகிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. இதைச் சொன்னால் "நேரமில்லை அண்ணா" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான்.

பஃப் வீல்

கூர்மையான விளிம்புகளை வரைந்துவிட்டு, கடைசியில் மொத்தத்தையும் பஃப் வீலில், அதாவது பளபளப்பாக்கும் துணிச் சக்கரத்தில், காட்டினால் வாயில் போட்டு எடுத்த கல்கண்டு மாதிரி ஆகிவிடும். கண்ணாடிப் பலகையில் எமரி தாளை ஒட்டி 400, 800, 1200 நம்பர் என்று தட்டையாகத் தேய்த்து வாருங்கள். துணிச் சக்கரம் கடைசியில், கொஞ்ச நேரம் மட்டும். பளபளப்பை முடித்து, அதை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, அப்புறம் மேல்பக்கத்தில் பளபளப்பில்லாத மெல்லிய கோடுகளை (பிரஷ் ஃபினிஷ்) இழுங்கள்.

303 ஸ்டீல்

வேண்டாம். சுலபமாக வெட்டுவதற்காகக் கந்தகம் சேர்த்தது, வியர்வை தாங்காது. 316எல் எடுங்கள்.

ரப்பர் வளையம்

பின்மூடிக்கு அடியில் வளையம் வைத்து இறுக்கினால் தண்ணீர் போகாது என்பது பாதி உண்மை. ரப்பர் நசுங்கும்போது அகலும். அதற்குப் பள்ளத்தில் இடம் வேண்டும். 1 மி.மீ. வளையத்துக்கு ஆழம் 0.8, அகலம் 1.3 வைக்கிறேன். அகலத்தையும் 1 என்று வெட்டினால் மூடி உட்காராது, உட்கார்ந்தால் வளையம் கிழியும்.

லக்

பட்டையை மாட்டும் கொம்புகள்தான் லக். அவற்றின் நுனி கீழே வளையட்டும். இல்லையென்றால் மணிக்கட்டில் பலகை கட்டியது போலிருக்கும்.

தம்பியின் கேஸ்

அவருக்கு அதிர்ஷ்டம். உள்படியில் 0.9 மி.மீ. தடிமனுக்கு உலோகம் விட்டிருந்தார், என் கேஸ்களில் 0.5 தான் இருந்தது. லேத்தில் மாட்டி, படியைக் கண்ணாடிப் பக்கமாக 0.4 மி.மீ. கடைந்தெடுத்தோம். மெஷின் முன்னால் நகர்ந்து தண்டு துளைக்கு நேராக வந்தது. பின்னால் விழுந்த இடைவெளிக்கு ஒரு பித்தளை வளையம். செகண்ட் முள்ளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இப்போது ஒரு தடித்த தாள்தான் நுழையும். சாவி கரகரக்கவில்லை.