லேண்ட் ரோவர் செசியை வீட்டில் கட்டுவது

88 இன்ச் லேண்ட் ரோவருக்கு (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் அவ்வளவு) வீட்டிலேயே செசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், கட்ட முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். கம்பனிக்காரனே தட்டைத் தகட்டில்தானே கட்டினான்! 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. பெரிய அச்சு போட்டு வளைக்காமல், தகட்டை வெட்டி நாலு மூலையிலும் வெல்டிங் வைத்துப் பெட்டியாக்கிவிட்டார்கள். நம் மலைநாட்டு ஈரத்துக்கு அலுமினிய பாடி தாங்கும். செசி உள்ளிருந்தே உக்கிப் போகும். பின் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்காமல் 'டொக்' என்றால் உள்ளே துருதான்.

செசி இலக்கம் வலது முன் ஸ்பிரிங் தாங்கியில் குத்தியிருக்கும். அதில் கை வைக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழையதை உடனே இரும்புக்கடைக்கு அனுப்ப வேண்டாம். நிலத்தில் இரண்டு எச் இரும்புகளைக் கிடத்தி, டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பாருங்கள். பழைய செசியை அதன்மேல் ஏற்றி, ஸ்பிரிங், என்ஜின், பாடி போல்ட் துளை ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து ஒரு இரும்புக் காலை நிறுத்தி, போல்டால் இறுக்குங்கள். பிறகு செசியைக் கழற்றினாலும் அந்தக் கால்கள் அளவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாதி வேலை இதுதான். இதில் அவசரப்படுகிறவர் கிரைண்டரைத் தொடாமலிருப்பது நல்லது.

தகடு 2 மில்லி. பக்கத் தகடுகளைப் பழையதன்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டலாம். பெட்டியை மூடுமுன் ஸ்பிரிங் புஷ் (ஸ்பிரிங் போல்டைச் சுற்றி நிற்கும் ரப்பர் உறை) உட்காரும் குழாய்களை உள்ளே வைத்துவிடுங்கள், மூடிய பிறகு கை போகாது. முதலில் எல்லா மூலையிலும் பொட்டுப் பொட்டாக ஒட்டுங்கள். அப்புறம் ஒரு இன்ச் வெல்டிங், உடனே எதிர் மூலைக்குப் போய் இன்னொரு இன்ச், பிறகு மறுமுனை. ஒரே பக்கம் நீளமாக இழுத்தால் சூட்டில் சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். குறுக்காக மூலைக்கு மூலை டேப் பிடித்து அடிக்கடி பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். மிக் மெஷின் (கம்பியைத் தானே தள்ளிக் கொடுக்கும் வெல்டிங் மெஷின்) என்றால் 0.8 மில்லி கம்பி போதும். குச்சி வெல்டிங்கில் இந்தத் தகடு சட்டென்று ஓட்டையாகும், கை பழகியவரிடமே கொடுங்கள்.

அடியில் தண்ணீர் வடியத் துளை விடுங்கள். பெயிண்ட் அடித்தபின் உள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்சுங்கள். ஸ்பிரிங் போல்டுகளை மட்டும் வண்டி தன் பாரத்தோடு நாலு டயரிலும் நின்ற பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் புஷ் முறுக்கிக் கிழிந்துவிடும்.