டி-ஷர்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் பேப்பரை ஓரம் ஒட்டி வெட்டுவது எப்படி?

கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடும் தம்பிகள் சீசனுக்குப் பத்து டி-ஷர்ட் கேட்டார்கள். நெஞ்சில் ஒரு குறிஞ்சிக் கொத்து, கீழே வளைவாக ‘கொடைக்கானல்’ என்ற எழுத்து. குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். அதுவரை சட்டையிலாவது பூக்கட்டும் என்று அவர்களுக்கு ஆசை. ட்ரான்ஸ்ஃபர் பேப்பரில், அதாவது சூடு கொடுத்தால் படம் துணிக்கு மாறும் தாளில், அச்சடித்து முதல் படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். மணி மணியான அந்த ஓரங்களுக்கே அரை மணி நேரம் போய்விட்டது. மீதி ஒன்பதையும் கட்டிங் மெஷினில் வெட்டினேன். அந்த முறைதான் இது.

என்னிடம் இருப்பது சில்லவுட் கேமியோ என்ற கட்டிங் மெஷின். அதன் இலவச மென்பொருளே இந்த வேலைக்குப் போதும். பிரிண்டர் இங்க்ஜெட், மை கட்டாயம் பிக்மென்ட் (நீரில் கரையாத நிறத்துகள்கள் கொண்டது). சாதா டை மையில் அடித்தால் துவைக்கத் துவைக்க நிறம் போய்விடும். இங்க்ஜெட் பேப்பரை லேசர் பிரிண்டரில் போட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். சட்டை நூறு சதவீதப் பருத்தி. நான் திருப்பூரிலிருந்து வரவழைக்கிறேன்.

படத்தை மென்பொருளில் திறந்து ட்ரேஸ் செய்யுங்கள், அதாவது அதன் ஓரத்தைக் கோடாக எடுங்கள். பிறகு ஆஃப்செட் கொடுத்து 2 மில்லிமீட்டர் தள்ளி ஒரு வெளிக்கோடு போடுங்கள். மூலைகளை வளைவாக வையுங்கள், கூரான மூலைதான் துவைக்கும்போது முதலில் உரியும். தமிழ் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்ட விடாதீர்கள். ‘க்’, ‘ல்’ மேலிருக்கும் புள்ளி தனித் துண்டாகப் பிய்ந்து எங்கோ போய்விடும். மொத்தச் சொல்லையும் சுற்றி ஒரே கோடு போதும்.

அடுத்தது நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம்.

வெளிர் நிறச் சட்டைக்கான பேப்பரைக் கவிழ்த்து வைத்துத்தான் சூடு கொடுக்கிறோம். அதனால் படம் இடம் வலம் மாறி அச்சாக வேண்டும். நான் பிரிண்டர் செட்டிங்கில் ‘மிரர்’ என்பதை டிக் செய்தேன். எழுத்து சரியாகத் திரும்பி வந்தது. ஆனால் மெஷின் ஒவ்வொரு தடவையும் ரிஜிஸ்ட்ரேஷன் மார்க் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. ஐந்து தாள் வீண். தாளின் இடது மேல் மூலையில் ஒரு கறுப்புச் சதுரம், மற்ற இரண்டு மூலைகளில் ‘ட’ போல மடங்கிய கோடுகள். படம் எங்கே இருக்கிறது என்று மெஷின் கண்டுபிடிப்பது இந்த மூன்றையும் வைத்துத்தான். பிரிண்டரில் மிரர் போட்டால் படத்தோடு இந்த மார்க்குகளும் திரும்பி, சதுரம் வலது மூலைக்குப் போய்விடுகிறது. மெஷின் இடது மூலையிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே மென்பொருளுக்குள்ளேயே படத்தையும் வெட்டுக் கோட்டையும் சேர்த்து குரூப் செய்து, அங்கேயே ஃபிளிப் செய்யுங்கள். பிரிண்டரில் மிரர் வேண்டாம். அளவு 100 சதவீதம் என்றே இருக்கட்டும். ‘ஃபிட் டு பேஜ்’ போட்டால் மார்க்குகளின் இடைவெளி சுருங்கி, வெட்டு விலகிப் போகும்.

அச்சடித்ததும் அவசரப்படாதீர்கள். வெயில் நாளில் அரை மணி நேரம் காயட்டும். ஐப்பசி மழையில், மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் நாளில், நான் இரண்டு மணி நேரமாவது விடுகிறேன். ஈரம் ஏறினால் தாள் சுருளும், சுருண்ட தாளில் மார்க் தூக்கிக்கொள்ளும். பாக்கெட்டைப் பிரித்தால் மிச்சத் தாள்களை ஜிப் கவரில் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, மேலே கனமான புத்தகம் வையுங்கள்.

அப்புறம் அச்சுப் பக்கம் மேலே தெரியும்படி ‘மேட்’ எனும் பசையுள்ள பிளாஸ்டிக் விரிப்பில் ஒட்டி, மெஷினில் வெட்டுங்கள். பிளேடு ஆழத்தை முதலில் துண்டுத் தாளில் ஒரு சின்ன வட்டம் வெட்டிப் பாருங்கள். தாள் முழுக்க அறுபட வேண்டும், மேட் கிழியக் கூடாது.

சட்டையைப் படம் வைக்கும் முன் பத்து விநாடி வெறுமனே அழுத்துங்கள். மலையில் மடித்து வைத்த துணியில் எப்போதும் ஈரம் இருக்கும். சூடும் நேரமும் உங்கள் பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி. சூட்டோடு உரிக்க வேண்டுமா, ஆறிய பிறகா என்பதையும் அதிலேயே பாருங்கள். இஸ்திரிப் பெட்டி என்றால் நீராவியை நிறுத்திவிட்டு, கெட்டியான மேஜைமேல் வைத்து அழுத்துங்கள். ஒரு நாள் கழித்துத் துவைக்கலாம், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில்.

பின்சேர்க்கை: கறுப்புச் சட்டைக்கும் இதேதானா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. அடர் நிறச் சட்டைக்கான பேப்பரில் படத்தைத் திருப்பவே கூடாது. மேல் படலத்தை மட்டும் வெட்டி, அடித்தாளை உரித்துவிட்டு, படம் மேலே தெரிய வைத்து, பட்டர் பேப்பர் மூடி அழுத்த வேண்டும்.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் மார்க் கிடைக்கவில்லை. மெஷின் கிழக்கு ஜன்னல் ஓரம் இருந்ததாம். திரையை இழுத்துவிட்டு, பளபளப்பான தாளில் மார்க்குகள்மேல் மங்கலான ஒட்டுநாடா ஒட்டச் சொன்னேன். முதல் தடவையிலேயே படித்துவிட்டது.