அறைத் தட்டு வாங்கும்போது சோற்று அறையில் முதலில் கையை வையுங்கள்

போன சனிக்கிழமை என் தங்கையின் மகள் காத்தான்குடியில் ஒரு கடையில், சோற்றுக்கும் கறிக்கும் வரம்பு வைத்துப் பிரித்த அறைத் தட்டுகள் ஆறு வாங்கிக்கொண்டு, கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு நேரே வந்தாள். கல்யாணமாகி நாலு மாதம்தான். "பெரியம்மா, அஞ்சு அறை. வடிவா இருக்குதானே?" என்று மேசையில் அடுக்கி வைத்தாள். நீள்சதுரம், பளபளவென்ற எவர்சில்வர். பதினொரு வருடத்துக்கு முன் நான் எட்டுத் தட்டு வாங்கினேனே, அதே அச்சு. பார்த்ததும் மனம் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெளிந்த தட்டு, கையைக் கீறும் விளிம்பு, எவர்சில்வரை மைக்ரோவேவில் வைப்பது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். விட்டுவிடுகிறேன்.

அறைகளை எண்ணி வாங்குவது

கடையில் தட்டு வெறுமையாகத்தான் இருக்கும். வெறும் தட்டில் கண்ணுக்குப் படுவது அறைகளின் எண்ணிக்கை மட்டும்தான். மூன்றை விட ஐந்து நல்லது என்று தோன்றிவிடுகிறது. ஆனால் தட்டின் மொத்த அளவு அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு அறை கூடும்போதும் அந்த இடம் சோற்றிலிருந்துதான் வெட்டப்படுகிறது.

நாங்கள் கரண்டியால் கிள்ளிச் சாப்பிடுகிற ஆட்களில்லை. சோற்றைப் பரப்பி, மீன் கறியை ஊற்றி, விரலால் பிசைந்து, கடைசியில் சொதி விட்டு இன்னொரு முறை பிசைகிறோம். பிசைய இடம் வேண்டும். நான் வாங்கிய தட்டின் சோற்று அறையைப் பிறகு தண்ணீர் விட்டு அளந்து பார்த்தேன். ஒன்றரைத் தேநீர்க் கோப்பைதான் பிடித்தது. அதில் ஒரு கோப்பைச் சோறு போட்டாலே விரல் வைக்க இடமில்லை. நடுவில் இருந்த வரம்பு ஒரு விரல் கணு உயரம்கூட வராது. சொதி விட்டதும் அது வரம்பைத் தாண்டிப் பொரியலுக்குள் ஓடியது. மொறுமொறுவென்று பொரித்த கீரி மீன் இரண்டு நிமிடத்தில் ஊறிப்போனது.

அப்பா அந்தத் தட்டில் மூன்று நாள் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நான் கவனித்தேன். அறையின் மூலைகள் சதுரமாக மடிந்திருந்தன. கடைசிப் பருக்கைகள் அந்த மூலையில் போய் ஒட்டிக்கொள்ள, அவர் சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். ஒரு பருக்கையும் வீணாக்காத மனிதர். நாலாம் நாள் தானே எழுந்து போய் அலுமாரியில் இருந்த பழைய பீங்கானை எடுத்து வந்து அதில் சோற்றைக் கொட்டினார். அவருக்குப் பின்னால் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பழைய தட்டுக்குத் திரும்பினார்கள். எட்டுத் தட்டுக் காசு. இப்போது அவற்றில் மிளகாயும் கொத்தமல்லியும் காய்கின்றன. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கடைக்காரர் மேல் அல்ல, ஒரு நிமிடம் கையை வைத்துப் பார்க்காமல் எட்டு வாங்கியதில்தான்.

ஆகவே கடையிலேயே இதைச் செய்யுங்கள். சோற்று அறைக்குள் ஐந்து விரலையும் குவித்து வையுங்கள். பிசைகிற மாதிரி சுழற்றுங்கள். வரம்பில் இடிக்கிறதா? வேண்டாம். மூலை வளைவாக இருக்கிறதா என்று சுண்டுவிரலை ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் தண்ணீர் கேட்டு அளந்து பாருங்கள். ஒருவர் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிடுவார் என்றால் அறை மூன்று கோப்பையாவது பிடிக்க வேண்டும்.

எத்தனை அறை? எங்கள் சாப்பாட்டுக்கு மூன்று போதும். சொதிக்கு அறை தேவையே இல்லை, அது சோற்றின் மேல் போகிறது. கறியும் அப்படித்தான். தனியே இருக்க வேண்டியவை இரண்டே: நனையக் கூடாத பொரியலும் அப்பளமும், நினைத்தபோது தொட்டுக்கொள்ளும் சம்பல். மீன் முள் ஒதுக்க ஒரு மூலை கிடைத்தால் இன்னும் நல்லது, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முக்கியமாக. காத்தான்குடியில் கல்யாண வீட்டில் ஒரு சஹனை, அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். சோறு பரந்து கிடக்க வேண்டும், மற்றதெல்லாம் பக்கத்தில்.

சீனி வருத்தத்துக்கென்று வாங்கி, பெரிய அறையில் சோறு போடுவது

நீரிழிவுக்காரருக்குச் சொல்லப்படும் தட்டு முறை வேறு. ஒன்பது அங்குலத் தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசிதான் சோறு. மூன்று அறைத் தட்டு இதற்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் பழக்கத்தில் கை பெரிய அறைக்குத்தான் சோற்றைக் கொண்டுபோகிறது. என் மாமிக்கு ஒரு மாதம் நானே அப்படிப் பரிமாறினேன். இப்போது சோற்றைச் சின்ன அறையில் அளந்து போடுகிறேன். மாமி அதைப் பெரிய அறையில் உள்ள கீரைச் சுண்டலோடு சேர்த்துப் பிசைந்துகொள்வார். அளவும் தப்பாது, பிசையவும் இடம் கிடைக்கும்.

காந்தத்தை நம்புவது

காந்தம் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் விலை குறைந்த 201 ரகத்திலும் ஒட்டாதே. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 201இல் நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்க்கிறார்கள், அதனால் துருவைத் தாங்கும் சக்தி குறைவு. தட்டின் அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடலோரத்தில் இருக்கிற நாங்கள் இதை லேசாக எடுக்கக் கூடாது. உப்பு எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி விழுத்தும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் கழுவியதும் துடைத்து வையுங்கள். எச்சில் தட்டை இரவு முழுக்க ஊற விடாதீர்கள். வரம்பின் அடிமடிப்பில்தான் முதல் புள்ளி தெரியும்.

மெலமைன்

பூப்போட்ட மெலமைன் தட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், விழுந்தாலும் சுலபத்தில் உடையாது. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் சாப்பாட்டைச் சூடாக்க வேண்டாம், அடுப்பிலிருந்து இறக்கிய புளிக்கறியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றவும் வேண்டாம். புளிப்பும் கடும் சூடும் சேர்ந்தால் மெலமைன் சாப்பாட்டுக்குள் கூடுதலாக இறங்கும். கீறல் விழுந்து மினுக்கம் போன தட்டை எடுத்துவிடுங்கள். மஞ்சள் கறை படிந்தால் உரசித் தேய்க்காதீர்கள், வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மங்கும்.

அலுமினியம்

புளிக்கறியும் தயிரும் சாப்பிடுகிற வீட்டுக்கு வேண்டாம்.

மூடி

பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவதென்றால் மூடி ஒவ்வொரு வரம்பிலும் படிய வேண்டும். சுற்று விளிம்பில் மட்டும் படிகிற மூடி, மூடி அல்ல.

ஒரேயடியாக ஆறு

ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் வீட்டில் எல்லாரும் மாறி மாறி அதில் சாப்பிடட்டும். அப்புறம் மிச்சத்தை வாங்கலாம்.

தங்கையின் மகளை அன்றைக்கே அந்த ஆறு தட்டில் ஒன்றில் சோறும் சொதியும் போட்டுச் சாப்பிட வைத்தேன். பாதியில் நிமிர்ந்து, "பெரியம்மா, சம்பல் எல்லாம் மிதக்குது" என்றாள். மிச்ச ஐந்திலும் ஸ்டிக்கர் உரிக்கவில்லை. மாற்றித் தந்தார்கள்.