மலைக்குளிருக்கு ஏற்ற நவீன உடை: கைப்பேசிப் படத்திலிருந்து தையல்காரர் மேசை வரை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போன்ற ஊர்களில் இருந்துகொண்டு இணையத்தில் உடை வடிவமைப்புகளைத் தேடுபவருக்கு முதலில் குறுக்கே நிற்பது பருவக் கணக்குதான். ஏப்ரலில் கைப்பேசியைத் திறந்தால் சமவெளி வெயிலுக்கென்று தைத்த கையில்லாத குர்தாக்களும் மெல்லிய லினன் சட்டைகளும் வரிசைகட்டுகின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கி, ஊட்டியில் நண்பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராத நாட்களில், ஐரோப்பியப் பக்கங்கள் கடற்கரை உடைகளைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. அழகாக இருக்கிறதே என்று அவற்றை வாங்கிவிட்டு, மேலே பழைய ஜெர்கினைப் போட்டு மூடிக்கொள்வது இங்கே பலருடைய வழக்கமாகிவிட்டது. தேடும் முறையைச் சற்று மாற்றிக்கொண்டால், குளிருக்கும் பொருந்தி, நாகரிகத்திலும் பின்தங்காத உடைகளை உள்ளூர்த் தையல்காரரைக் கொண்டே தைத்துக்கொள்ள முடியும்.

எந்த ஊரைப் பார்ப்பது

நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களிலும் ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய உடைக் காட்சிகள் நடைபெறுகின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவது அதே ஆண்டின் இலையுதிர்காலத்துக்கும் குளிர்காலத்துக்குமான உடைகள். செப்டம்பர், அக்டோபரில் வருவது அடுத்த ஆண்டின் வசந்தத்துக்கும் கோடைக்குமானவை. மலையில் வாழும் நமக்கு முதல் காட்சியே முக்கியமானது. அதில் பிடித்த படங்களை மார்ச் மாதத்திலேயே சேமித்து, ஏப்ரலில் துணி எடுத்து, மே மாதத்தில் தைக்கக் கொடுத்துவிட்டால், மழை தொடங்கும்போது உடை கையில் இருக்கும். வடக்கு நாடுகளின் கடைகளில் அந்த உடைகள் இலையுதிர்காலம் நெருங்கும்போதுதான் தொங்கும் என்பதால், நாம் அவர்களுக்கு முன்பே அணிந்துவிடுகிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புதிய யோசனை வேண்டுமானால் மெல்போர்ன் நகரத் தெருக்களில் எடுத்த படங்களைத் தேடுங்கள். தென்கோளத்துக்கு அதுவே குளிர்காலம். மழைக்கோட்டும் கம்பளியும் பூட்ஸுமாக மக்கள் நடக்கும் படங்கள் அப்போதுதான் புதிதாக வருகின்றன.

இதைவிடப் பொருத்தமான ஒரு வழியும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அருகில், இதே போன்ற உயரத்திலோ இன்னும் மேலேயோ அமைந்த பெருநகரங்கள் உலகில் சில இருக்கின்றன: எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலும், கொலம்பியாவின் பொகோட்டா 2,600 மீட்டருக்கு மேலும், எக்வடாரின் கீட்டோ 2,800 மீட்டருக்கு மேலும் உயர்ந்தவை. அங்கெல்லாம் கடும் பனிப்பொழிவுக் காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் மிதமான குளிர், பகலில் சுள்ளென்ற வெயில், மேகம் மறைத்த மறுகணமே நடுக்கம். நம்முடைய நாள் எப்படிப் போகிறதோ அப்படியே அவர்களுடைய நாளும் போகிறது. லண்டன் படத்தில் இருப்பவர் காலையில் போட்ட கோட்டை மாலையில்தான் கழற்றுவார். பொகோட்டாக்காரரோ நம்மைப் போலவே ஒரு நாளில் பலமுறை போட்டுக் கழற்றுவார். ஆகவே இந்நகரங்களின் பெயர்களோடு தெரு நாகரிகம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

அப்படித் தேடும்போது இரண்டு உடைகள் கண்ணில் படும். கொலம்பிய மலைப்பகுதியின் ருவானா, முன்புறம் திறந்த, தோள்களின் மேல் போர்த்திக்கொள்ளும் கனமான கம்பளித் துணி. எத்தியோப்பியாவின் நெத்தலா, ஓரத்தில் வண்ணக் கரை நெய்த மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. இரண்டையும் பார்த்தவுடன் நீலகிரிக்காரர்களுக்கு இங்குள்ள பழங்குடியினரான தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற துணி நினைவுக்கு வரும். மூன்று கண்டங்களின் மலைமக்களும் தைத்த சட்டையைவிடப் போர்த்தும் துணியையே நம்பியதற்குக் காரணம், ஒரு கை அசைவில் போர்த்தவும் இறக்கவும் முடிகிற வசதிதான். மலைநாட்டு அழகுணர்வின் அடிப்படை இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். உள்ளே உடலோடு ஒட்டிய எளிய உடை, வெளியே எளிதில் கழற்றக்கூடிய ஒரு நல்ல துணி என்று அமைத்துக்கொண்டு, செலவிலும் கவனத்திலும் பெரும்பங்கை அந்த வெளித்துணிக்கே கொடுங்கள். மூடுபனியில் பிறர் கண்ணில் படுவது அதுதான்.

படத்தைப் படிக்கும் விதம்

பின்டரஸ்ட், இன்ஸ்டாகிராம் இரண்டிலுமே சேமித்த படங்களைத் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்து வைக்க இடமுண்டு. "பிடித்தவை" என்று ஒரே தொகுப்பில் கொட்டி வைத்தால் எந்தப் பயனும் இல்லை. தைக்கப்போகும் ஒவ்வோர் உடைக்கும் ஒரு தொகுப்பைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் சேமிக்கும்போதே அதில் பிடித்தது எது என்று தமிழில் ஒரு வரி குறித்து வையுங்கள்: "காலர் மட்டும்", "கையின் அகலம்", "பழுப்போடு சிவப்பு சேர்ந்த விதம்" என்பது போல. எதையும் எழுதத் தோன்றாத படங்கள் உடையால் கவர்ந்தவை அல்ல. அணிந்திருப்பவரின் தோற்றத்தாலோ பின்னணியில் இருக்கும் ஏரியாலோ கவர்ந்தவை. அவற்றை நீக்கிவிடலாம். ஓரிரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கும்போதும் நிலைத்து நிற்கும் நான்கைந்து படங்களே தையலுக்குப் போதும்.

இப்போது இன்னொரு சோதனையும் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய உடைப் படங்கள் இத்தொகுப்புகளில் ஏராளமாகக் கலந்துவிட்டன. படத்தைப் பெரிதாக்கி, தோள் தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். பட்டன்களுக்கு எதிரே காஜா இருக்கிறதா என்று எண்ணுங்கள். அந்த உடைக்குள் தலையோ கையோ எந்த வழியாக நுழையும் என்று யோசியுங்கள். தையல் பாதி வழியில் துணிக்குள் மறைந்துபோனால், ஜிப்பும் இல்லாமல் திறப்பும் இல்லாமல் இடுப்பு இறுகியிருந்தால், அது எந்தத் தையல்காரராலும் தைக்க முடியாத உடை. ஐயமிருந்தால் கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடினால், உண்மையான உடையாக இருக்கும்பட்சத்தில் பெரும்பாலும் அதன் பின்புறப் படமும் துணியின் பெயரும் கிடைத்துவிடும். அவ்விரண்டும் தையல்காரருக்கு மிகவும் உதவும்.

நிறத்தைப் பொறுத்தவரை கைப்பேசித் திரையை நம்ப வேண்டாம். நிறங்களை வரையறுத்துப் பட்டியலிடும் பான்டோன் நிறுவனம், அந்த ஆண்டுக்கான நிறம் என்று ஆண்டுதோறும் ஒரு நிறத்தை அறிவிக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கு பீச் ஃபஸ் என்ற வெளிர் பீச் நிறத்தையும், 2025ஆம் ஆண்டுக்கு மோக்கா மூஸ் என்ற இளம் பழுப்பையும் அறிவித்தது. வெயிலில் பூவாகத் தெரியும் வெளிர் பீச், மூடுபனியின் வெளுத்த வெளிச்சத்தில் சோர்ந்துவிடுகிறது. பழுப்போ தேயிலைப் பச்சைக்கு நடுவே நன்றாக எடுபடுகிறது. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, மயில் நீலம் ஆகியவையும் மங்காதவை. கடையில் குழல்விளக்கின் கீழே பார்த்த துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆண்டுதோறும் மாறும் நிறத்தின் மீது ஆசை இருந்தால், அதை மப்ளரிலோ காதணியிலோ தீர்த்துக்கொள்ளலாம். கோட்டு பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது.

வடிவங்களில், தோள் இறங்கிய தொளதொளப்பான கோட்டுகளும் சட்டைகளும் சில ஆண்டுகளாகப் பரவலாக இருப்பது மலைவாசிகளுக்குக் கிடைத்த நன்மை. உள்ளே இரண்டு அடுக்கு உடுத்தினாலும் அவை பிதுங்கித் தெரியாது. தரையைத் தொடும் அகலக்கால் பேன்ட் மட்டும் இங்கே உதவாது. அதைத் தைக்க விரும்பினால் கணுக்காலுக்கு மேல் நிறுத்துங்கள். செம்மண் சேறு ஏறிய ஓரம் எத்தனை முறை துவைத்தாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது.

தோடர் பூவேலையைச் சேர்ப்பது

நீலகிரியின் சொந்த வடிவமைப்பு என்று உலகுக்குக் காட்டத்தக்கது தோடர் எம்பிராய்டரி. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் ஆணும் பெண்ணும் போர்த்தும் பூத்துக்குளியின் ஓரங்களில் பெண்கள் செய்யும் வேலை இது. சற்றுப் பரும்படியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல் ஓடும். துணியின் மேல் கோலம் வரைந்துகொள்வது கிடையாது. சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் கிடையாது. நெசவின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியை நுழைத்தே எருமைக் கொம்பு முதலான உருவங்களைக் கொண்டுவருகிறார்கள். அருகில் வைத்துப் பார்த்தால் தைத்தது போலவே இருக்காது, தறியிலேயே நெய்தது போல இருக்கும். விரலால் தடவினால்தான் நூல் புடைத்து நிற்பது தெரியும். துணியைத் திருப்பினால் மறுபக்கமும் மறைக்கத் தேவையில்லாத அழகோடு இருக்கும்.

போலியைக் கண்டுபிடிக்கவும் அந்த மறுபக்கமே வழி. இயந்திர எம்பிராய்டரியில் பின்புறம் வெள்ளை பாபின் நூல் மொத்தமாக ஓடியிருக்கும், சில சமயம் ஒட்டுத்தாளும் இருக்கும். அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறியிருக்கும். இவ்வடிவங்களைத் திரையச்சாக எடுத்துச் சட்டையில் அடிப்பது அந்தப் பெண்களின் பிழைப்பில் கைவைப்பதாகும் என்பதால், இணையத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தோடர் பெண்களிடம் வாங்கி விற்கும் கடைகள் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் உள்ளன. வேண்டிய அளவைச் சொல்லிப் பட்டைகளாகவும் செய்து வாங்கலாம். கைவேலை என்பதால் போதிய காலம் கொடுத்து, பேரம் பேசாமல் வாங்குவதே முறை.

அத்தகைய பட்டையைக் கோட்டின் முதுகுப் பகுதியிலோ, கைகளின் முனையிலோ, பையின் முகப்பிலோ வைக்கலாம். ஓர் உடையில் ஓரிடம் போதும். மற்ற பகுதி முழுவதும் வெறுமையான கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கட்டும். துணியின் நெசவு தளர்வானது என்பதால், வெட்டிய ஓரம் உடனே பிரியத் தொடங்கும். வெட்டும் முன்பே பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்து, ஓரங்களை ஓவர்லாக் செய்துவிடச் சொல்லுங்கள். பூவேலையின் மேல் கத்தரி படவே கூடாது. சிவப்பு நூல் சாயம் விடுமா என்பதை, நனைத்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தில் அழுத்திப் பார்த்து முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

துணியும் தையலும்

கோவை ஒப்பணக்காரத் தெருவில் கோட்டுத் துணியும் லைனிங்கும், திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பின்னலாடைகளும் நியாயமான விலையில் கிடைக்கும். உள்ளடுக்குக்கு அந்தப் பின்னலாடைகளே ஏற்றவை. பருத்தி நனைந்தால் சூட்டை இழந்துவிடும், மழைநாட்களில் எளிதில் காயாது; கம்பளி சற்று ஈரமானாலும் சூடு காக்கும்; ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைத் துணி விரைவில் காயும். ஜீன்ஸ் துணி ஜூலை மாதத்தில் நாட்கணக்கில் கொடியிலேயே தொங்கும் என்பது இங்கு எல்லோரும் அறிந்தது. கையால் பின்னத் தெரிந்தவர்களுக்கு வெளியே தேடும் வேலையே இல்லை. போனி என்ற பெயரில் பின்னல் ஊசிகளும் குரோஷா ஊசிகளும் செய்யும் நிறுவனம், 1949இல் தொடங்கப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸ், ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள நம்முடைய கேத்தியில்தான் இருக்கிறது.

தையல்காரரிடம் போகும்போது முன், பின், பக்கவாட்டு என்று மூன்று படங்களையாவது கொண்டுசெல்லுங்கள். பருத்தித் துணியாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்தபின் கொடுங்கள். சுருங்குவதெல்லாம் வெட்டும் முன்பே சுருங்கிவிடட்டும். கோட்டுக்கு அளவு கொடுக்கும்போது, "உள்ள போடுற ஸ்வெட்டரோட வாங்கம்மா, அப்பதான் அளவு சரியா நிக்கும்" என்று அனுபவமுள்ள தையல்காரர் சொல்லுவார். அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் அணிந்தே செல்லுங்கள். மார்புச் சுற்றளவில் அதற்கு மேலும் நான்கு அங்குலமாவது தளர்வு கேளுங்கள். லைனிங் சாட்டின் போன்ற வழுக்கும் துணியாக இருக்கட்டும், ஏனெனில் பருத்தி லைனிங் கம்பளியைப் பிடித்து இழுத்துக் கையை மேலே சுருட்டிவிடும். பாக்கெட்டைக் குளிரில் கை தானாகப் போய் நுழையும் உயரத்தில் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள்.

புதிய வடிவமாக இருந்தால், முதலில் மலிவான காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பது அவசியம். அதற்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று தயங்காதீர்கள். மாதிரியைப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள், பேருந்துப் படியில் ஏறுவது போல் காலை வையுங்கள். பிடிக்கும் இடத்தில் சுண்ணத்தால் குறித்துத் திருத்திய பிறகே நல்ல துணியில் கத்தரி வைக்கலாம்.

தைத்த உடையைக் காப்பதில் இரண்டை மட்டும் கவனியுங்கள். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களும் கூடும் என்பதால், சாயமிட்ட துணிகளை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நிழலில் உலர்த்துங்கள். மழை மாதங்களில் அலமாரிக்குள் பூஞ்சணம் பிடிப்பதைத் தடுக்க, வெயில் வரும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, கம்பளித் துணிகளின் மடிப்புகளுக்கு இடையில் சமவெளியிலிருந்து வாங்கிவந்து உலர்த்திய வேப்பிலையை வைத்து, அலமாரியைச் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள்.